மேசா வெர்டே பாறைக்குடியிருப்புகள்: மாமியார், இரண்டு பிள்ளைகளோடு காரில் போகிறோம், வழி சொல்லுங்கள்

மிளகுரசம்

எல்லோருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் டாலஸிலிருந்து காரில் கிளம்பி, கொலராடோவின் தென்மேற்கு மூலையில் உள்ள மேசா வெர்டே தேசியப் பூங்காவுக்குப் போவதாக இருக்கிறோம். மூத்தவளுக்குப் பதினொரு வயது. அமெரிக்காவின் தென்மேற்கில் வாழ்ந்த பழங்குடிகளான பழைய புவெப்லோ மக்கள் பாறைக்குடைவுகளில் கட்டிய வீடுகளைப் பற்றிப் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி செய்து கொண்டுபோனாள். அன்றிலிருந்து நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சின்னவனுக்கு ஆறு வயது. வரலாறு எல்லாம் அவனுக்கு வேண்டாம், ஏணி ஏறக் கிடைத்தால் போதும்.

ஊரிலிருந்து என் மாமியார் வந்திருக்கிறார். அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சுத்த சைவம். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. கூட்டிப்போய்க் காரிலேயே உட்காரவைக்கவும் மனமில்லை. எந்தக் குடியிருப்புக்கு டிக்கெட் எடுப்பது, அந்தப் பக்கம் வேறு என்ன பார்ப்பது என்று போய்வந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும். ஒரு வாரத்துக்குச் சற்று மேலேயே விடுப்பு இருக்கிறது.

நெடுஞ்சாலை நாடோடி

சகோதரி, முதலில் டிக்கெட்டைப் பற்றிப் பேசிவிடுவோம். பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் தனி, குடியிருப்புக்குள் ரேஞ்சரோடு, அதாவது பூங்கா ஊழியரான வழிகாட்டியோடு, இறங்கிப் பார்க்க டிக்கெட் தனி. வாசலில் போய் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதினான்கு நாள் முன்னதாகத் திறப்பார்கள். ஜூன், ஜூலையில் நல்ல நேரங்கள் எல்லாம் மளமளவென்று தீர்ந்துவிடும். நாங்கள் போனபோது ஆளுக்கு 8 டாலர்.

கிளிஃப் பேலஸ்தான் படங்களில் நீங்கள் பார்த்திருப்பது. வட அமெரிக்காவிலேயே பெரிய பாறைக்குடியிருப்பு. சுமார் 150 அறைகள், கீவா எனப்படும் வட்டமான நிலவறைகள் 23. ஏறுமாறான கல்படிகளில் இறங்கி, நான்கு சிறிய ஏணிகளில் ஏறி வெளியே வரவேண்டும். பால்கனி ஹவுஸ் அளவில் சிறியது, 40 அறைதான். ஆனால் உள்ளே போகவே 32 அடி மர ஏணி. வெளியே வரும்போது 18 அங்குல அகலத்தில், 12 அடி நீளத்துக்கு ஒரு பொந்து. அதில் தவழ்ந்துதான் நுழையவேண்டும். அதோடும் விடாது, அப்புறம் திறந்த பாறைமுகத்தில் இன்னும் இரண்டு ஏணி. லாங் ஹவுஸ் தள்ளி இருக்கிறது, வெதரில் மேசா என்ற பக்கத்தில். நடை அதிகம், கூட்டம் குறைவு.

என்னைக் கேட்டால் உங்கள் சின்னவனுக்குப் பால்கனி ஹவுஸ், மூத்தவளுக்கு லாங் ஹவுஸ். கிளிஃப் பேலஸை மேலே சாலையோரத்திலிருந்தே முழுசாகப் பார்த்துவிடலாம். டிக்கெட் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அழவேண்டாம். உயரம் என்றால் கைகால் நடுங்குகிறவர் வீட்டில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்கள் மைத்துனர் அந்தப் பெரிய ஏணியின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். கீழே வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. பூங்கா வாசலில் நுழைந்ததும் வந்துசேர்ந்துவிட்டோம் என்று நினைக்கக்கூடாது. அங்கிருந்து குடியிருப்புகள் இருக்கும் இடத்துக்கு இருபது மைலுக்கு மேல் மலைவளைவுச் சாலை. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். டிக்கெட் நேரத்தை அதற்குத் தகுந்தாற்போல் கணக்கிடுங்கள். தாமதமாக வந்தவருக்காகக் குழு காத்திராது.

சந்தேகப்பேர்வழி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். டாலஸிலிருந்து 900 மைல் வண்டி ஓட்டி, இடிந்த சுவரைப் பார்ப்பதா? அதே தூரத்துக்கு நல்ல மலை, ஏரி என்று எத்தனையோ இருக்கிறது. அங்கே இருந்த மக்கள் ஒரே நாளில் மாயமாய் மறைந்துவிட்டார்கள், காரணம் யாருக்கும் தெரியாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அந்த மர்மம் மட்டும் சுவாரசியம்.

அப்படியே பார்த்துத்தான் தீரவேண்டும் என்றால் கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் மேனிட்டூ என்ற ஊரில் ஒரு பாறைக்குடியிருப்பு இருக்கிறது. பதினான்கு நாள் காத்திருப்பு, ரேஞ்சர், பொந்து எதுவும் கிடையாது. அறைக்குள் போகலாம், சுவரைத் தொடலாம். குழந்தைகளுக்கு அது போதாதா?

சுவடி

மேனிட்டூவில் நீங்கள் தொடுவது உண்மையான பழங்கல்தான். இருக்கும் இடம்தான் வேறு. கோர்ட்டெஸ் நகரத்துக்கு அருகே மெக்கெல்மோ பள்ளத்தாக்கில் இருந்த பழைய கட்டடங்களைப் பிரித்து, கற்களை நூற்றுக்கணக்கான மைல் கொண்டுவந்து, பாறை ஒன்றின் அடியில் திரும்பக் கட்டி 1907-இல் திறந்த காட்சியிடம் அது. புவெப்லோ முன்னோர் அந்த மலையடிவாரத்தில் குடியிருந்ததற்குத் தடயம் இல்லை. சுற்றுலாப் பயணியாகப் போய்ப் பார்ப்பதில் தவறில்லை. அதைப் பார்த்துவிட்டு மேசா வெர்டேயைப் பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொள்வதைத்தான் நான் ஒப்பமாட்டேன். இந்த வீடுகளுக்கு அர்த்தமே அவை எந்தப் பாறையில், எந்தத் திசை பார்த்து, எந்த ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

அடுத்து, "மாயமாய் மறைந்தார்கள்". இந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் எனக்குக் கோபம் வரும். யாரும் மறையவில்லை. மேசா வெர்டே மேட்டுநிலத்தில் கி.பி. 550 வாக்கிலிருந்தே மக்கள் பயிர் செய்து வாழ்ந்தார்கள். முதலில் குழிவீடுகள், பிறகு தரைக்கு மேலே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள். பாறைக்குடைவுகளுக்குள் குடியேறியது 1190-களுக்குப் பிறகுதான். படங்களில் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பகுதி 1200-களில் எழுந்தவை. அப்படிப் பார்த்தால் எழுநூறு ஆண்டு வரலாற்றில் பாறைவாசம் கடைசி மூன்று தலைமுறைக் கதை. 1276 முதல் 1299 வரை நீண்ட வறட்சி. அதற்கு முன்பே நெருக்கடிகள் இருந்தன. மக்கள்தொகை பெருகியிருந்தது, விறகு குறைந்திருந்தது, ஊர்களுக்கிடையே மோதலும் இருந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் சாண்ட் கேன்யன், காசில் ராக் என்ற இரண்டு ஊர்களைத் தோண்டியபோது 1280 வாக்கில் தாக்குதல் நடந்ததற்கான தடயங்களே கிடைத்தன. குடும்பம் குடும்பமாகத் தெற்கே நகர்ந்தார்கள். அவ்வளவுதான் "மர்மம்".

எங்கே போனார்கள் என்பதும் தெரியும். ரியோ கிராண்டே ஆற்றங்கரை ஊர்கள், ஆக்கோமா, ஸூனி, ஹோப்பி. நியூ மெக்சிகோவில் மட்டும் இன்று 19 புவெப்லோக்கள், அதாவது இந்த மக்களின் ஊர்ச் சமூகங்கள், இருக்கின்றன, மனிதர்கள் வாழ்கிறார்கள், தேர்தல் நடத்துகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். தங்கள் முன்னோர் எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தார்கள் என்று அவர்கள் ஒருநாளும் மறக்கவில்லை. கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

சந்தேகப்பேர்வழி

ஐயா, கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். 1276, 1299 என்று வருடத்தைத் துல்லியமாகச் சொல்கிறீர்களே, எழுத்தே இல்லாத ஊரில் யார் குறித்துவைத்தார்கள்?

சுவடி

மரம் குறித்துவைத்தது. நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாக விழும், வறண்ட ஆண்டில் இழையாகச் சுருங்கும். ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாவற்றிலும் இந்த வரிசை ஒன்றாகவே இருக்கும். ஆண்ட்ரூ டக்ளஸ் என்ற வானியலாளர் அரிசோனாவில் இதைப் பல்லாண்டு தொகுத்தார். இன்றிலிருந்து பின்னோக்கிப் போகும் வரிசை ஒன்று, இடிபாடுகளின் உத்தரங்களிலிருந்து கிடைத்த பழைய வரிசை ஒன்று. இரண்டுக்கும் நடுவே இடைவெளி. 1929-இல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கரிந்த உத்தரம் ஒன்று அந்த இடைவெளியை அடைத்தது. அதன்பின் வெளி வளையம் சிதையாத உத்தரம் எங்கே கிடைத்தாலும் அது வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிட முடிந்தது. மேசா வெர்டேயில் 1280 வாக்கோடு மரம் வெட்டுவது நின்றுபோகிறது.

போன இடத்துக்கும் சான்று வேண்டுமா? மேசா வெர்டே மக்கள் வான்கோழி வளர்த்தார்கள். இறகைக் கயிற்றில் சுற்றிப் போர்வை பின்னினார்கள். அந்த வான்கோழிகளின் மரபணுவும், 1280-க்குப் பிறகு சாண்டா ஃபேவுக்கு வடக்கே உள்ள புவெப்லோ ஊர்களில் வளர்த்த வான்கோழிகளின் மரபணுவும் ஒத்துப்போகின்றன. கோழியையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். 2025-இல் பிக்குரிஸ் புவெப்லோ மக்கள் தாங்களே விஞ்ஞானிகளை அழைத்துத் தங்கள் மரபணுவை ஆராயச் சொன்னார்கள். நியூ மெக்சிகோவில் புவெப்லோ முன்னோரின் பெரிய மையமாக இருந்த சாக்கோ பள்ளத்தாக்கின் பழைய மக்களோடு நெருங்கிய உறவு என்று முடிவு வந்தது. பாட்டிமார் சொல்லிவந்ததைத்தான் ஆய்வகமும் சொன்னது.

ஓய்வுபெற்ற பொறியாளன்

வரலாற்றைச் சுவடி பார்த்துக்கொள்ளட்டும். நான் கட்டட வேலை பார்த்தவன். மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது லாங் ஹவுஸ் கூட்டிப்போனாள். என் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் குடைவு எப்படி உண்டானது என்று முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் அம்மா. மேலே இருப்பது மணற்கல். மழையும் பனியும் அதில் மெல்ல இறங்குகின்றன. அடியில் களிப்பாறை அடுக்கு இருப்பதால் தண்ணீர் அதற்கு மேல் இறங்க முடியாமல் பக்கவாட்டில் கசிந்து வெளியே வருகிறது. குளிரில் அது உறைந்து விரியும்போது மணற்கல் பொறுக்குப் பொறுக்காகப் பெயர்ந்து விழுகிறது. பல்லாயிரம் ஆண்டு இப்படியே நடந்து ஒரு பெரிய வளைவு உண்டாகிறது. ஆக, வீடு கட்ட இடம் கொடுத்ததும் தண்ணீர்தான், குடிக்கக் கிடைத்ததும் அதே தண்ணீர்தான். லாங் ஹவுஸில் பின்சுவர் ஓரம் போய்க் குனிந்து பாருங்கள். தரைப்பாறையில் கையகலத்துக்குச் சின்னச் சின்னக் குழிகள் கொத்தியிருக்கிறார்கள். கசிவு அதில் தேங்கும். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் குழியின் விளிம்பு கைபட்டுக் கைபட்டு வழவழப்பாக இருக்கிறது.

அடுத்து கீவா. வட்டமாகத் தரைக்குக் கீழே இருக்கும் அறை. சடங்குக்கும் கூடிப் பேசுவதற்கும். நடுவில் நெருப்புக்குழி. சுவரில் ஒரு காற்றுத்துளை, அது மேலே தரைவரை புகைபோக்கி மாதிரி எழும்புகிறது. ஆனால் புகை அதன்வழியாகப் போவதில்லை; புதுக்காற்று அதன்வழியாகக் கீழே வருகிறது. வந்த காற்று நேராக நெருப்பில் அடித்தால் சாம்பல் பறக்கும் அல்லவா? அதற்காகத் துளைக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு பலகைக்கல்லை நட்டுவைத்திருக்கிறார்கள். காற்று அதில் மோதி இருபுறமும் பிரிந்து அறையெல்லாம் பரவுகிறது. புகை, மனிதர்கள் இறங்கும் கூரைத்துளை வழியே வெளியேறுகிறது. விசிறி இல்லை, மோட்டார் இல்லை. நான் பார்த்த சில அலுவலகக் கட்டடங்களில் இந்த யோசனையில் பாதிகூட இல்லை.

சுவர்களை அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசிய மண்சாந்தில் சில்லுக்கற்களைச் செருகியிருப்பார்கள். சாந்து காய்ந்து சுருங்கும்போது வெடிக்காமல் இருக்க அது ஒரு வேலை. சில இடங்களில் மக்காச்சோளத் தக்கையே சாந்துக்குள் கிடக்கிறது. வெளிச்சம் சாய்ந்து விழும் நேரத்தில் பார்த்தால் விரல் அழுத்திய பள்ளங்கள் தெரியும், ரேகையோடு. எங்களோடு வந்த ரேஞ்சர் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். சிறிய விரல்.

மிளகுரசம்

ஐயா, இதைப் படித்துக்காட்டியதும் மூத்தவள் குறிப்பேட்டில் கீவா படம் வரைந்து அம்புக்குறி போட்டுவிட்டாள். ஆனால் மாமியார் என்ன செய்வார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆல்புகர்க்கி அத்தை

அதற்குத்தான் வந்தேன். முதலில் மேசா வெர்டேயிலேயே அவருக்கு வேலை இருக்கிறது. மேசா டாப் லூப் என்று ஆறு மைல் சுற்றுச்சாலை, டிக்கெட் கிடையாது. வண்டியை நிறுத்தி நிறுத்திச் சில அடி நடந்தால் குழிவீட்டிலிருந்து பாறைவீடு வரை வரிசையாகப் பார்க்கலாம். சன் பாயின்ட் என்ற இடத்தில் நின்றால் எதிர்ப்பாறையில் கண்ணுக்கு எட்டியவரை குடைவுகளும் வீடுகளும். கூட ஒரு பைனாகுலர் இருந்தால் மாமியார் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஸ்ப்ரூஸ் ட்ரீ ஹவுஸ் இருக்கிறது. மேலேயிருந்து பாறை உதிர்வதால் 2015 முதல் உள்ளே விடுவதில்லை, ஆனால் எதிரில் நின்று நன்றாகப் பார்க்கலாம். 7,000 அடிக்கு மேல் உயரம். படி ஏறாமலே மூச்சு வாங்கும்; தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் மேசா வெர்டேயை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் கதையின் பாதியில் எழுந்துபோன மாதிரி. வரும் வழியிலோ போகும் வழியிலோ ஆக்கோமாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்புகர்க்கியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம். சுமார் 370 அடி உயரப் பாறைமேட்டின்மேல் ஊர். மேலே போகப் பஸ் அவர்களே வைத்திருக்கிறார்கள், முழங்காலுக்கு வேலை இல்லை. வழிகாட்டி அந்த ஊர்க்காரர். நாங்கள் போனபோது ஒரு பெண்மணி, "இது என் பாட்டி வீடு, இது என் சித்தி வீடு" என்று காட்டிக்கொண்டே போனார். நடுவில் பெரிய தேவாலயம் இருக்கிறது. 1600-களில் ஸ்பானியப் பாதிரியார் கட்டவைத்தது. அதன் உத்தரங்களை டெய்லர் மலையிலிருந்து அவர்கள் முன்னோரின் தோளில் சுமக்கவைத்தார்கள். அந்தப் பெண்மணி அதைச் சொன்ன குரலை எந்த அருங்காட்சியகத்திலும் கேட்க முடியாது.

சில மரியாதைகள் உண்டு. படம் எடுக்க அனுமதிச்சீட்டு வேண்டும், வீடியோ கூடாது, மனிதர்களைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. கல்லறைப்பக்கம் காமிராவைத் தூக்கவே வேண்டாம். சில நாட்களில் விழா, சடங்கு என்று வெளியாரை விடமாட்டார்கள், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய சுவரோடு கையால் வனைந்த பானை விற்பார்கள். விலை குறைத்துக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சின்னவனுக்கு என் ஊர்ப்பக்கம் பாண்டலியர் இருக்கிறது. லாஸ் அலமோஸுக்கு அருகே, ஃப்ரிஹோலெஸ் பள்ளத்தாக்கு. மேசா வெர்டேயில் இயற்கைக் குடைவுக்குள் வீடு கட்டினார்கள். இங்கே பாறையையே குடைந்தார்கள். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை என்பதால் கல்லாயுதத்துக்கே இடம்கொடுக்கும். குட்டிக்குட்டி ஏணி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அறைக்குள் ஏறி உட்காரலாம். கூரை கரியாக இருக்கும். அழுக்கு என்று நினைக்கவேண்டாம். உதிரும் பாறையை இறுக்கவே புகைபிடிக்கவிட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஆல்கோவ் ஹவுஸ் என்று தரையிலிருந்து 140 அடி உயரத்தில் ஒன்று உண்டு, நான்கு ஏணி. கோடையில் ஒயிட் ராக் என்ற ஊரில் காரை விட்டுவிட்டுப் பூங்காப் பஸ்ஸில் போகவேண்டிவரலாம்.

ஃபீனிக்ஸ் வெயில்

எல்லோரும் கொலராடோ, நியூ மெக்சிகோ என்றே பேசுகிறீர்கள். அரிசோனாவையும் கொஞ்சம் பாருங்கள். மாமியாருக்கு ஏற்றது கேம்ப் வெர்டே அருகே உள்ள மான்டெசூமா காசில். சமதளப் பாதை, கால் மணி நேரத்தில் அடைந்துவிடலாம். பாறை நடுவில் ஐந்து அடுக்கு, 20 அறை. பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஆஸ்டெக் அரசன் மான்டெசூமாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கட்டியவர்கள் சினாகுவா மக்கள். 1951 முதல் உள்ளே யாரையும் விடுவதில்லை, கீழே நின்றுதான் பார்க்கவேண்டும்.

ஆனால் என் மனதைப் பிடித்தது கேன்யன் டி ஷே. நவஹோ மக்களின் நிலம். இன்றும் பள்ளத்தாக்கின் அடியில் அவர்கள் சோளம் போடுகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். மேலே விளிம்புச்சாலையில் நாமே ஓட்டிக்கொண்டு பார்க்கலாம். கீழே இறங்க நவஹோ வழிகாட்டி கட்டாயம். ஜீப்பில் கூட்டிப்போவார்கள், மாமியாரும் வரலாம். ஆற்றுமணலில் வண்டி குலுங்கும், அதைமட்டும் சொல்லிவையுங்கள்.

நெடுஞ்சாலை நாடோடி

ஃபீனிக்ஸ் அக்கா சொல்வது நல்ல இடம்தான். ஆனால் ஒரு வாரத்தில் மூன்று மாநிலத்தையும் திணித்தால் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருப்பது காரின் பின்சீட்டு மட்டும்தான். டாலஸிலிருந்து வருகிறவருக்கு மான்டெசூமா காசில் வேண்டாம். வேறொரு தடவை ஃபீனிக்ஸ் போகும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

நான் சொல்லும் பாதை: அமரில்லோ வழியாக ஆல்புகர்க்கி. அங்கே தங்கி ஆக்கோமா, பாண்டலியர். பிறகு 550-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, ஆஸ்டெக் என்ற ஊரில் நிறுத்துங்கள். பெயர் அப்படி இருந்தாலும் அதுவும் புவெப்லோ முன்னோர் கட்டியதுதான். இடிந்துகிடந்த பெருங்கீவா ஒன்றை 1934-இல் கூரையோடு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே போய் நின்றால், பொறியாளர் ஐயா சொன்னதெல்லாம் கூரையோடு எப்படி இருந்திருக்கும் என்று புரியும். அப்புறம் கோர்ட்டெஸ், மேசா வெர்டே. சாக்கோ பள்ளத்தாக்கு அதே சாலையிலிருந்து பிரிகிறது. ஆனால் கடைசிப் பகுதி மண்சாலை, மழை பெய்தால் சேறு. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் மழை அங்கே வழக்கம். மாமியாரோடு போகிற பயணத்தில் அந்த வம்பு வேண்டாம்.

பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெறும் வானம்தான்.

சந்தேகப்பேர்வழி

சரி, நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னையும் கிளப்பிவிடுவீர்கள் போலிருக்கிறது. ஒரு சந்தேகம். அந்தப் பக்கம் நடக்கும்போது தரையில் கருப்பு வெள்ளைக் கோலம் போட்ட பானை ஓடுகள் கொட்டிக்கிடக்கின்றனவாம். பிள்ளைக்கு ஞாபகமாக ஒரு சில்லு எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆயிரக்கணக்கில் கிடக்கிறதே.

ஆல்புகர்க்கி அத்தை

தம்பி, வேண்டவே வேண்டாம். கூட்டாட்சி நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் அது குற்றம். 1979-இல் வந்த தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் உண்டு, சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள். அது அவர்கள் முன்னோர் வைத்துவிட்டுப் போன பொருள். குனிந்து பாருங்கள், பிள்ளைக்குக் காட்டுங்கள், படம் எடுங்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சுவடி

"ஒரு சில்லுதானே" என்று தொடங்கியவர்கள்தான் அந்த இடத்தையே காலி செய்தார்கள். 1888 டிசம்பரில் ரிச்சர்ட் வெதரில், சார்லி மேசன் என்ற இரண்டு மாடுமேய்ப்பர்கள் கிளிஃப் பேலஸைப் பார்த்தார்கள். பார்த்த சூட்டில் தோண்டி எடுத்து விற்கவும் செய்தார்கள். அந்த நிலத்தில் வாழ்ந்த யூட் மக்களுக்கு இந்த வீடுகள் முன்பே தெரியும் என்பதைக் "கண்டுபிடித்தார்கள்" என்று எழுதுகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். 1891-இல் ஸ்வீடனிலிருந்து குஸ்டாஃப் நோர்டென்ஷோல்ட் என்ற இளைஞர் வந்தார். ஒழுங்காகக் குறிப்பெடுத்து, படம்பிடித்து, முறையாகத் தோண்டினார்; அந்த வகையில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கிடைத்ததையெல்லாம் ரயிலில் ஏற்றினார். டுராங்கோவில் கைது செய்தார்கள். எந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுவது? சட்டமே இல்லை. விட்டுவிட்டார்கள். பொருள்கள் கடைசியில் பின்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தன, மனித எலும்புகள் உட்பட.

இப்படிப் பொருள்கள் போனதால் எழுந்த கூச்சல்தான் 1906-இல் தொல்பொருள் சட்டம் வரக் காரணங்களில் ஒன்று. அதே ஆண்டு ஜூனில் மேசா வெர்டே தேசியப் பூங்கா ஆனது. 2020-இல் பின்லாந்து, 20 பேருடைய எலும்புகளையும் அவர்களோடு புதைத்த 28 பொருள்களையும் திருப்பித் தந்தது. ஹோப்பி, ஸூனி, ஆக்கோமா, ஸியா மக்களின் பிரதிநிதிகள் பெற்று மேசா வெர்டேயிலேயே மீண்டும் அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று வெளியே சொல்லவில்லை. மற்றபடி பானைகளில் பெரும்பாலானவை இன்னும் ஹெல்சிங்கியில்தான் இருக்கின்றன.

சந்தேகப்பேர்வழி

சில்லு வேண்டாம், விட்டுவிட்டேன். ஆனால் "பாறைக்குள் ஏன் போனார்கள்" என்ற கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பயமா, வசதியா?

ஓய்வுபெற்ற பொறியாளன்

என் பதில் இரண்டும். தெற்கு பார்த்த குடைவுகளில் குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் உள்ளே விழுகிறது. கோடையில் உச்சிவெயிலை மேற்பாறை மறைக்கிறது. பனி விழாது, மழை விழாது, தண்ணீர் உள்ளேயே கசிகிறது. பயிர் செய்யும் மேட்டுநிலத்தில் ஒரு அடி இடமும் வீணாகாது. இதெல்லாம் வசதி. ஆனால் பால்கனி ஹவுஸில் அந்தப் பொந்தைப் பார்த்தவன் பயம் இல்லை என்று சொல்லமாட்டான். ஒரு நேரத்தில் ஓர் ஆள் மட்டும், அதுவும் தலைகுனிந்து தவழ்ந்து வரும்படி வழியைச் சுருக்கி வைப்பவனுக்கு வெளியே யாரோ மேல் நம்பிக்கையில்லை.

சுவடி

ஒரு திருத்தம் மட்டும். அந்த வட்டாரத்தில் பெரும்பாலானவர்கள் பாறைக்குள் வாழவேயில்லை. பக்கத்துச் சமவெளியில், யெல்லோ ஜாக்கெட் போன்ற பெரிய ஊர்களில் இருந்தார்கள். அவை மண்மேடாகிவிட்டன. பாறை காப்பாற்றியதால் இவை நிற்கின்றன. நிற்பதால் நாம் இவர்களை மட்டும் பேசுகிறோம்.

மிளகுரசம்

எல்லோருக்கும் நன்றி. சாப்பாட்டைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லையே.

நெடுஞ்சாலை நாடோடி

சைவத்துக்கு அங்கே பொறுமை வேண்டும். பச்சைமிளகாய்க் குழம்பு என்று ஊரெல்லாம் எழுதியிருப்பார்கள்; பாதிக் கடைகளில் பன்றி இறைச்சி போட்டுத்தான் கொதிக்கவைப்பார்கள். பீன்ஸிலும் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். எலெக்ட்ரிக் குக்கரும் ஊறுகாயும் எடுத்துப்போங்கள். அந்தப் பயணத்தில் நாங்கள் தங்கிய ஒரு விடுதியில் காலைச் சிற்றுண்டி இலவசம் என்று போட்டிருந்தார்கள். ஆறிய வாஃபிளும் ஒரு வாழைப்பழமும்தான் அந்த இலவசம். புளியோதரை கைகொடுத்தது. புவெப்லோ ஊர்களில் மண்ணடுப்பில் சுட்ட ரொட்டி விற்பார்கள். அதில் விலங்குக் கொழுப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

ஆல்புகர்க்கி அத்தை

நீலச் சோளமாவு ஒரு பொட்டலம் வாங்கிப்போங்கள். மாமியார் கூழ் காய்ச்சிப் பார்க்கட்டும். அருங்காட்சியகத்தில் சோளம் அரைத்த கல்லைக் காட்டுங்கள். நம் அம்மியைச் சரிவாகச் சாய்த்து வைத்தது மாதிரி, நடுவில் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். முழங்காலிட்டு உட்கார்ந்துதான் அரைத்திருக்கிறார்கள். கல்துகள் மாவில் கலந்து பல்லெல்லாம் தேய்ந்துபோனது தனிக்கதை. உங்கள் மாமியாருக்கு அந்தக் கல்லைப் பார்த்ததும் பேச நிறைய இருக்கும்.

மிளகுரசம்

முடிவு செய்துவிட்டோம். ஆல்புகர்க்கி, ஆக்கோமா, பாண்டலியர், ஆஸ்டெக், மேசா வெர்டே. பால்கனி ஹவுஸுக்கு அப்பாவும் சின்னவனும், லாங் ஹவுஸுக்கு நானும் மூத்தவளும். இதைக் கேட்டுவிட்டு மாமியார், "ஏணியில் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள், பஸ் போகும் ஊரைத்தான் நான் பார்க்கவேண்டும்" என்கிறார். ஆக்கோமாவில் பானை வாங்க இப்போதே காசு எடுத்துவைத்திருக்கிறார். திரும்பும்போது நாள் மிஞ்சினால் கேன்யன் டி ஷே.

ஃபீனிக்ஸ் வெயில்

கேன்யன் டி ஷே வருவதாக இருந்தால் கடிகாரத்தைக் கவனியுங்கள். அரிசோனாவில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது. ஆனால் நவஹோ நிலத்தில் உண்டு. அதன் நடுவே இருக்கும் ஹோப்பி நிலத்தில் மறுபடி கிடையாது. கைப்பேசி ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு நேரம் காட்டும். வழிகாட்டியிடம் பதிவு செய்யும்போது "உங்கள் நேரமா, ஃபீனிக்ஸ் நேரமா" என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை நாடோடி

நேரம் என்றதும் நினைவு வந்தது. டிக்கெட் திறப்பது கொலராடோவின் மவுன்டன் நேரப்படி காலை 8 மணிக்கு. டாலஸில் அது 9. கணக்கை முதல் நாளே தொடங்கி, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, இரண்டு கைப்பேசியில் உட்காருங்கள். பால்கனி ஹவுஸை ஒருவர், லாங் ஹவுஸை ஒருவர்.

சந்தேகப்பேர்வழி

எந்த வாரம் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதே நாளில் நானும் முயற்சி செய்து போட்டியைக் கூட்டாமல் இருக்கப் பார்க்கிறேன்.